வேல்ஸில் நான் போட்ட ஓட்டு

ரூபன், ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு உன் நைனா கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். "இன்னாமே சொல்றான் இவன்? கல்யாணத்த இங்கிலீஷ்ல பண்றானாம். சித்தூர் மாப்ள, திருப்பதி பொண்ணு, நடுவுல இங்கிலீஷ்காரன் எங்கேந்து வந்தான்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். நீ சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. சர்ச்சில் கல்யாண ஆராதனையைத் தமிழில் வைத்தால் சிரீஷா வீட்டார் முகம் சுண்டிப்போகும். தெலுங்கில் வைத்தால் நம் சபையார் வருஷக்கணக்கில் பேசுவார்கள். இங்கிலீஷ் என்றால் இரண்டு பக்கமும் சமமாகப் புரியாமல் உட்கார்ந்திருக்கலாம், சண்டை வராது. அதுவரை நானும் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். ஆனால் அடுத்து ஒன்று சொன்னாயே: "டொராண்டோ போனப்புறம் வீட்லயும் இங்கிலீஷ்தாம்மா. நாளைக்கு ஒரு கொழந்த பொறந்தா அதுக்கு எதுக்கு மூணு பாஷ கொழப்பம்?" அப்புறம் நீயே, "அம்மா, லைன்ல இருக்கியா?" என்று கேட்டாய். இருந்தேன். எனக்கு நெஸ்டா என்கிற ஓர் அம்மாவின் முகம் ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான். அந்தக் கதை போனில் சொல்லி முடிகிறதல்ல. அதனால் எழுதுகிறேன். கல்யாண வேலைகளுக்கு நடுவில் கொஞ்சம் உட்கார்ந்து படி.

நான் வேல்ஸில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். ஆனாலும் நீ உன் சிநேகிதர்களிடம் "எங்கம்மா லண்டன்ல இருந்தாங்க" என்றுதான் சொல்வாய். அந்தக் காலத்தில் நானே அப்படித்தான் நினைத்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் சித்தூரில் யாரைப் பார்த்தாலும் எங்காவது கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வீட்டில் பெங்களூர், ஒருவர் வீட்டில் குவைத், எல்லார் வீட்டிலும் பாஸ்போர்ட் பேச்சு. நான் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். உன் நைனா பங்காருபாளையம் பக்கம் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் மெக்கானிக். வேல்ஸில் ஒரு முதியோர் இல்லத்துக்கு நர்ஸ் தேவை என்று சென்னையிலிருந்து ஓர் ஏஜென்ட் சொன்னபோது உனக்கு மூன்று வயது. "நீ போய்ட்டு வாமே, புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்று உன் நைனா சொன்னார். சொன்னபடி பார்த்துக்கொள்ளவும் செய்தார்; உன் அத்தைமார்தான் கடைசிவரை நம்பவில்லை. சபையில் 'லண்டனுக்குச் செல்லும் சகோதரிக்காக' ஜெபம் பண்ணி அனுப்பினார்கள். வேல்ஸ் என்பது லண்டனில் ஒரு ஏரியா, சித்தூருக்குக் கிரீம்ஸ்பேட்டை மாதிரி என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

இறங்கிய பிறகு ஒரு வேனில் மேற்கே மேற்கே என்று மணிக்கணக்கில் போனோம். சாலை நெடுக வெள்ளைப் பெயின்டில் 'அராஃப்' என்று பெரிதாக எழுதியிருந்தது. எல்லாச் சாலையும் அங்கே போகிறதென்றால் பெரிய ஊராகத்தான் இருக்கும் என்று எண்ணி, டிரைவரிடம் "அராஃப் இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். அந்த மனிதர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார். அராஃப் என்றால் அவர்கள் மொழியில் 'மெதுவாக' என்று அர்த்தம். பக்கத்திலேயே இங்கிலீஷிலும் எழுதித்தான் இருந்தது, நான் கவனிக்கவில்லை. மறுநாள் காலை வேலையில் சேர்ந்து முதல் அறைக்குள் நுழைந்தால், படுத்திருந்த பெரியவர் என்னைப் பார்த்து "போரெ டா" என்றார். என் காதில் 'போறேன்டா' என்றுதான் விழுந்தது. பதறிப்போய்க் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். அது காலை வணக்கமாம். 'டா' என்றால் நல்லது. அன்றிலிருந்து பெரிய பெரிய கனவான்களையெல்லாம் காலையில் ஒரு 'டா' போட்டு எழுப்புவது எனக்குப் பிடித்த வேலையாகிவிட்டது.

அந்த ஊர் கார்மார்தன் மாவட்டத்தில் இருந்தது. கடைக்காரரும் தபால்காரரும் பாதி வாக்கியம் வெல்ஷிலும் மீதி இங்கிலீஷிலுமாகப் பேசுவார்கள். நம் சித்தூர் சந்தையில் தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, இங்கிலீஷில் எண்ணிக் கொடுப்பார்களே, அதேபோல. அதனால் அங்கே எனக்கு ரொம்ப நாள் அந்நியமாக இல்லை. என்னோடு வேலை பார்த்த மேகன் என்ற பெண் எனக்கு வெல்ஷ் சொல்லிக்கொடுத்தாள். தண்ணீர், சோறு, வலி, பால் என்று ஒரு நர்ஸுக்கு வேண்டிய சொற்களை முதலில் படித்தேன். அவர்களுக்கே உரிய ஓர் எழுத்து உண்டு, நாக்கை மேலண்ணத்தில் வைத்து ஓரத்தில் காற்றை விட வேண்டும். அது எனக்கு வரவில்லை என்று மேகன் கேலி செய்தாள். நான் பதிலுக்கு அவளை 'வாழைப்பழம்' சொல்லச் சொன்னேன். "வாயப்பயம்" என்றாள். பங்காருபாளையத்தில் உன் நைனா சொல்கிற அதே வாயப்பயம். அவருக்குப் போனில் அதைச் சொன்னபோது, "அப்போ நான் வெள்ளக்காரன் மாரி பேசறேன்னு சொல்லு" என்றார்.

நெஸ்டா அந்த இல்லத்தில்தான் இருந்தார். அகலமான கைகளும் உரத்த குரலும் உள்ள அம்மா. பக்கத்தில் ஒரு மாட்டுப்பண்ணையில் பிறந்து வளர்ந்து, ரயில்வேக்காரரைக் கட்டிக்கொண்டு தலைநகரான கார்டிஃபுக்குப் போய், வாழ்நாளெல்லாம் அங்கே இங்கிலீஷில் குடும்பம் நடத்தியவர். வயதான காலத்தில் வந்த பக்கவாதம் அவருடைய வலது கையையும் இங்கிலீஷையும் ஒன்றாகக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது சின்ன வயது வெல்ஷ் மட்டும். பிறந்த ஊர்ப்பக்கமே இருக்கட்டும் என்று அங்கே சேர்த்திருந்தார்கள். ஒரே மகன் ஆலன், ஐம்பதை ஒட்டிய மனிதர், அவருக்கு வெல்ஷ் ஒரு சொல்கூடத் தெரியாது. ஏன் என்று மேகனைக் கேட்டேன். "அவங்க காலத்துல வெல்ஷ் பேசினா மாடு மேய்க்கலாம், இங்கிலீஷ் பேசினா ஆபீசுக்குப் போகலாம்னு சொல்வாங்க. பையன் நல்லா இருக்கட்டும்னுதான் சொல்லித்தரல" என்றாள். பிள்ளை மேல் வைத்த பாசத்தில் செய்தது, ரூபன். யாரும் அதில் குறை சொல்ல முடியாது.

ஆலன் ஞாயிறுதோறும் கார்டிஃபிலிருந்து காரோட்டிக்கொண்டு திராட்சைப்பழத்தோடு வருவார். அம்மா ஆவலாகக் கேட்பார்: "ப்ளே மைர் டா?" முகத்தைப் பார்த்து, எங்கே என்று எதையோ கேட்கிறார் என்பது மட்டும் ஆலனுக்குப் புரியும். அங்கே அப்பாவை 'டாட்' என்பார்களே, அதைத்தான் வாய் குழறி 'டா' என்கிறார் என்று நினைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா இல்லம்மா. அப்பா செத்துப் போய் ரொம்ப வருஷமாச்சு" என்பார். அந்த அம்மா கோபத்தில் இடது கையால் கட்டிலை அறைவார். ஆலன் வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார். வாராவாரம் இதே கதை. ஒருநாள் சாயங்காலம் நெஸ்டா அதே கேள்வியை என்னிடம் கேட்டார். டா என்றால் நல்லது என்று எனக்குத் தெரியும். 'நல்லது எங்கே' என்று யாராவது கேட்பார்களா? மேகனிடம் ஓடினேன். அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "அய்யோ! எங்க பக்கத்துல டான்னா மாடும்தான்! பால் கறக்குற நேரமாச்சு, மாடெல்லாம் எங்கேன்னு கேக்கறாங்க!" அவளுக்கு நெஸ்டாவின் அறையில் வேலை இல்லாததால் இத்தனை நாள் அந்தக் கேள்வி அவள் காதில் விழவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆலன் வந்ததும் வாசலிலேயே நிறுத்தினேன். "உங்கம்மா உங்கப்பாவைக் கேக்கல." "பின்ன யாரை?" "மாட்டை." "மாட்டையா?" "பால் மாடு. எங்கேன்னு கேக்கறாங்க." ஆலன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: "நான் வாரா வாரம் வந்து சாவு சேதி சொல்லிக்கினு இருக்கேன், இவங்க மாட்டத் தேடிக்கினு இருந்தாங்களா?" அன்றே நானும் அவரும் மேகனுமாக நெஸ்டாவைச் சக்கர நாற்காலியோடு வேனில் ஏற்றிப் பக்கத்துப் பண்ணைக்குக் கூட்டிப்போனோம். அந்த அம்மா ஒரு சத்தம் கொடுத்தார். மேய்ந்துகொண்டிருந்த மாடெல்லாம் தலையைத் தூக்கி அவரைப் பார்த்து வந்தன. நானும் பலமனேரில் பிறந்தவள்தானே என்று எங்கள் வீட்டில் மாட்டைக் கூப்பிடும் குரலைக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் திரும்பவில்லை. நெஸ்டா ஒரு பசுவின் மடியைக் குனிந்து பார்த்துவிட்டுப் பண்ணைக்காரனை ஒரு பிடி பிடித்தார். சுத்தமாகக் கழுவவில்லையாம். அந்த இளைஞன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். ஆலன் தன் அம்மாவை வேற்றூர் ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கம்மாவுக்கு இதெல்லாம் தெரியும்னு எனக்குத் தெரியாதே" என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் நான்தான் மொழிபெயர்ப்பு. சித்தூரிலிருந்து போனவள், வெல்ஷ்கார அம்மா சொல்வதை வெல்ஷ்கார மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்தது கொஞ்சம், தெரியாததை மேகனிடம் கேட்டுக்கொள்வேன். அது தொண்ணூற்றேழாம் வருஷம். அந்த வருஷம் அந்த நாடு முழுக்க ஒரே களேபரம். மே மாதம் பெரிய தேர்தல் நடந்து லண்டனில் ஆட்சி மாறியது. கார்டிஃபின் பழைய ரக்பி மைதானத்தைப் புதிதாகக் கட்டுவதற்காக இடித்தார்கள்; ஆலன் அதைப் பங்காளி வீட்டுச் சாவு மாதிரி பேசினார். ஆகஸ்டில் ஐஸ்டெத்ஃபோட் என்கிற அவர்களுடைய பெரிய கலைவிழா டி.வி.யில் ஓடியது. ஒரு கவிஞருக்காக நாற்காலி செய்து வைத்து, ஜெயித்தவரை ஊரறிய அதில் உட்காரவைக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு பெரிய வாளைப் பாதி உருவி, 'சமாதானம் உண்டா?' என்று மூன்று தடவை கேட்கிறார்கள். கூட்டம் 'சமாதானம்' என்று முழங்கிய ஒவ்வொரு தடவையும் எங்கள் இல்லத்தில் வாய் திறக்காத பெரியவர்கள்கூடக் கூடவே முழங்கினார்கள். பாட்டு எழுதுகிறவனுக்கு ஒரு நாடே எழுந்து நிற்பதை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான்.

செப்டம்பரில் ஓட்டு வந்தது. வேல்ஸுக்கென்று தனியாக ஒரு சட்டசபை வேண்டுமா வேண்டாமா என்று மக்களையே கேட்டார்கள். அதற்குச் சற்று முன்னால் ஓர் இளவரசி விபத்தில் இறந்துபோனதால் சில நாள் எல்லாரும் பிரசாரத்தை நிறுத்தி அமைதியானார்கள். பிறகு மறுபடி வாக்குவாதம். மேகன் வேண்டும் கட்சி. ஆலன் வேண்டாம் கட்சி. "இன்னொரு கட்டடம் கட்டுவாங்க, அதுல இன்னும் நாலு பேர் உக்காந்து பேசுவாங்க, எதுக்கு?" என்பார். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கும் ஓர் ஓட்டு அட்டை வந்தது. தப்பாக வந்துவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போனேன். இல்லையாம், காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் அங்கே குடியிருந்தால் அவர்களுக்கும் ஓட்டு உண்டாம். "நான் டிசம்பர்ல ஊருக்குப் போயிடுவேன், நான் போடறது நியாயமா?" என்று மேகனைக் கேட்டேன். "இங்க இருக்கிறவங்க போடணும். நீ இன்னைக்கு இங்கதானே இருக்கே?" என்றாள். எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்தது. மாநிலம் பிரித்தபோது அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தூங்கி எந்திரிச்சோம், ஆந்திராக்காரன் ஆய்ட்டோம்" என்று சொல்லிச் சிரிப்பார். வருத்தமெல்லாம் இல்லை, தெலுங்கில் கணக்காக வழக்காடுவார். ஆனாலும் கேட்டிருக்கலாமே என்று ஒரு சின்ன நினைப்பு அவருக்கு உண்டு. இங்கே என்னைக் கேட்கிறார்கள்.

ஓட்டு நாளன்று மழை. நெஸ்டா விடிந்ததும் நீலத் தொப்பியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். ஆலன் கார்டிஃபில் 'வேண்டாம்' என்று குத்திவிட்டு, 'வேண்டும்' என்று போடப்போகிற அம்மாவைக் கூட்டிப்போக அத்தனை தூரம் வண்டியோட்டி வந்தார். மகன் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஊர்ப் பொதுக்கூடத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி நெஸ்டாவிடம் வெல்ஷில் பேர் கேட்டார். அந்த அம்மா, பள்ளியில் ஆஜர் சொல்கிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். ஓட்டுச்சீட்டில் இரண்டு மொழியும் இருந்தது. இடது கையால் அவரே பென்சிலைப் பிடித்துப் போட்டார். பின்னால் நானும் போட்டேன். வெளியே குடையோடு நின்ற ஆலன், "என்னம்மா போட்டே?" என்று கேட்டார். நான் அதை வெல்ஷில் கேட்டேன். நெஸ்டா ஏதோ சொன்னார். ஆலன் என்னைப் பார்த்தார். "அது ரகசியம்கறாங்க" என்றேன். மூவரும் மழையில் நனைந்துகொண்டு சிரித்தோம்.

மறுநாள் காலை நான் தேநீர் கொண்டுபோகையில் மேகன் ஈரக் காலணியோடு ஓடிவந்தாள். முக்கால்வாசி மாவட்டம் எண்ணி முடிந்தும் 'வேண்டாம்'தான் முன்னால் நின்றதாம். தோற்றுவிட்டோம் என்று அவள் டி.வி.யை அணைத்துப் படுத்துவிட்டாளாம். கடைசியாக மிச்சம் இருந்தது எங்கள் மாவட்டம் ஒன்றுதான். அது வந்துதான் தராசு திரும்பியது. நாடு முழுவதற்கும் சில ஆயிரம் ஓட்டுதான் வித்தியாசம், அதில் என் ஓட்டும் ஒன்று! நாங்கள் குதித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ஆலன். "அம்மாகிட்ட சொல்லுங்க, என்னை ஜெயிச்சுட்டாங்கன்னு." உடனே மாற்றிக்கொண்டார்: "இல்ல, நானே சொல்றேன். 'ரொம்ப நல்லா பண்ணே'ன்னு வெல்ஷ்ல எப்படிச் சொல்றது?" சொல்லிக்கொடுத்தேன்: "டா யௌன்." நெஸ்டாவின் காதில் ரிசீவரை வைத்தேன். அந்த முகம் மாறியதை நான் உனக்கு எப்படி எழுதுவேன்! முதலில் புருவம் சுருங்கியது. உச்சரிப்பு சரியில்லை போல. "டா யௌன்" என்று நிதானமாகத் திருத்திச் சொன்னார். அந்தப் பக்கம் ஆலன் சொன்னார். மறுபடி திருத்தினார். மறுபடி அவர். போன் வேண்டும் என்று மானேஜர் வந்து நின்றார், யாரும் அசையவில்லை. தலை நரைத்த பிள்ளைக்கு ஒரு தாய் தன் மொழியில் முதல் சொல்லைச் சொல்லித்தந்துகொண்டிருந்தார். நானும் மேகனும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் நான் வந்துவிட்டேன். பிறகு மேகன் எழுதினாள்: ஆலன் வெல்ஷ் வகுப்பில் சேர்ந்தார் என்றும், நெஸ்டா அடுத்த வசந்தத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றும், அடக்க ஆராதனையில் ஆலன் வெல்ஷில் பேசினார், பாதிதான் புரிந்தது, ஆனால் எல்லாரும் அழுதார்கள் என்றும்.

இப்போது உன் கதை. சித்தூர் ஸ்டேஷனில் இறங்கினேன். உன் நைனாவின் காலுக்குப் பின்னால் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நுவ்வு எவரு?" என்று கேட்டாய். நீ யார் என்று பெற்ற தாயைத் தெலுங்கில் கேட்டாய். "நீ அம்மனுரா" என்று நானும் தெலுங்கிலேயே சொன்னேன், உன் அம்மாடா என்று. நீ நம்பவில்லை. "அம்மா ஃபோட்டோலோ உந்தி" என்றாய். அம்மா போட்டோவில்தான் இருக்கிறாளாம். உன் நைனா பயந்துபோய், "நான் இன்னாமே பண்றது? ஸ்கூல்லயும் தெலுங்கு, பக்கத்து ஊட்லயும் தெலுங்கு. நான் ஃபேக்டரிலேந்து வர்றதுக்குள்ள துன்னுட்டுத் தூங்கிப் பூடுவான்" என்றார். நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்தார். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு, தெரிந்த தெலுங்கையெல்லாம் ஆட்டோவில் வீடு வரை பேசினேன். அந்தக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் நீ மேய்ப்பன். ஒரே ஒரு வரி, தமிழில். மேடையேறி, கோலைத் தரையில் குத்தி, "ரண்டிரா! பெத்லகேம் போலாம்! தொரகா ரண்டிரா!" என்று, சீக்கிரம் வாங்கடா என்பதைத் தெலுங்கில் போட்டு, இரண்டையும் கலந்து கத்தினாய். முன்வரிசைத் தமிழரும் பின்வரிசைத் தெலுங்கரும் ஒன்றாகக் கை தட்டினார்கள். எல்லாருக்கும் புரிந்தது, எல்லாரும் பெத்லகேம் போக எழுந்துவிடுவார்கள் போல இருந்தது. அன்றே தீர்மானித்தேன்: தமிழை நான் பார்த்துக்கொள்கிறேன், தெலுங்கைத் தெரு பார்த்துக்கொள்ளும், இங்கிலீஷைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும். நீ எதிலாவது குழம்பினாயா, சொல்? சின்ன வயதில் உனக்கு இருந்த ஒரே குழப்பம் எந்த மொழியில் கேட்டால் ஐஸ்கிரீம் கிடைக்கும் என்பதுதான்.

ஆகையால் கல்யாண ஆராதனைக்கு என் யோசனை இது. பாட்டு பாதி தமிழ், பாதி தெலுங்கு. பிரசங்கம் போதகர் இஷ்டம், எப்படியும் நீளம்தான். உடன்படிக்கை சொல்லும்போது நீ தெலுங்கில் சொல், சிரீஷா தமிழில் சொல்லட்டும். உன் வார்த்தை அவளுக்குப் புரிய வேண்டும், அவள் வார்த்தை உனக்குப் புரிய வேண்டும். சொல்கிறவர் வாய் கொஞ்சம் தடுமாறினால் தப்பில்லை. டொராண்டோவில் குழந்தை பிறந்தால் அதற்கு இங்கிலீஷை நீங்கள் சொல்லித்தர வேண்டாம், அந்த ஊரே சொல்லித்தரும். நீங்கள் கொடுக்காவிட்டால் வேறு யாரும் கொடுக்க முடியாததை மட்டும் கொடுங்கள்.

இதை நேற்றே எழுதி முடித்துவிட்டேன். இன்று காலை சிரீஷா போன் பண்ணினாள். புடவை விஷயம் பேசத்தான். எடுத்தவுடன், வழக்கம்போலத் தெலுங்கில் ஆரம்பிக்காமல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி, "அத்தே, துன்ட்டியா?" என்று கேட்டாள். சாப்பிட்டேனா என்று கேட்கிறாளாம். மரியாதையும் இல்லை, இலக்கணமும் இல்லை. திருப்பதிப் பெண்ணின் வாயில் அச்சு அசல் நம் வீட்டுப் பேச்சு. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த உன் நைனாவுக்குக் காப்பி புரையேறிவிட்டது. "இந்தப் பேச்ச எந்த ஸ்கூல்ல கத்துக்கினாளாம்?" என்று கேட்டார். கேட்டேன். "ரூபன் தினமும் நைட் போன்ல இப்படித்தான் கேக்கறான் அத்தே, அதான் மரியாதைன்னு நெனச்சேன்" என்று தெலுங்கில் சொன்னாள். இனி அவளுக்கு 'துன்னீங்களா' என்று சொல்லித்தா. வீட்டில் இங்கிலீஷ் மட்டும் போதும் என்று எங்களிடம் சொல்வதை, முதலில் நீ உன்னிடம் சொல்லிப் பார், ராஜா.

அம்மா